ஒட்டிய பேட்டரியைக் கழற்றும்போது விதி எங்கே இடிக்கிறது

ஐரோப்பிய ஒன்றியத்தின் பேட்டரி ஒழுங்குமுறை 2023/1542-இன் 11ஆம் பிரிவு 2027 பிப்ரவரி 18 முதல் அமலாகிறது. கையடக்கச் சாதனங்களில் உள்ள பேட்டரியைப் பயனரே எளிதாகக் கழற்றி மாற்ற முடிய வேண்டும் என்பது அதன் சாரம். வாசகம் நீளமானது. மேசைமீது ஃபோனை வைத்துக்கொண்டு பார்த்தால் அது நான்கு கேள்விகளாகச் சுருங்கும். எவரும் வாங்கக்கூடிய கருவியால் கழற்ற முடிகிறதா? (சிறப்புக் கருவி வேண்டுமென்றால் அதைச் சாதனத்தோடு இலவசமாகத் தர வேண்டும்.) சூடேற்றாமல் முடிகிறதா? கரைப்பான் ஊற்றாமல் முடிகிறதா? பொருத்தமான புது பேட்டரியைப் போட்டபின் மென்பொருள் முரண்டு பிடிக்காமல் இருக்கிறதா?

இன்றைய சாதாரண ஃபோன் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பின்புறம் கண்ணாடி, அதன் விளிம்பு முழுக்கப் பசை, உள்ளே மெல்லிய அலுமினியத் தாள் உறையில் பை போன்ற பேட்டரி, அதன் அடியிலும் பசை. இதில் பேட்டரி மாற்றும் வேலையை வரிசைப்படி செய்துகொண்டே போனால், எந்தப் படியில் விதி இடிக்கிறது, அங்கே தயாரிப்பாளர் எதை மாற்றலாம் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

தொடங்கும் முன்

சார்ஜை 25 சதவீதத்துக்குக் கீழே இறக்கிவிட்டு ஃபோனை அணைக்க வேண்டும். முழு சார்ஜில் இருக்கும் பேட்டரியைத் தவறிக் குத்திவிட்டால் தீப்பிடிக்கும் வாய்ப்பும் அதிகம், தீயின் வேகமும் அதிகம். பக்கத்தில் உலர்ந்த மணல் நிரப்பிய உலோகத் தட்டு ஒன்று இருக்கட்டும். சிம் தட்டை முதலிலேயே வெளியே எடுத்துவிட வேண்டும். அதை மறந்து போர்டைத் தூக்கினால் தட்டோடு சிம் கனெக்டரும் பிய்ந்து வரும்.

கருவிகள்: உறிஞ்சு கப் ஒன்று, இடைவெளியில் நுழைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் சில்லு (பிக்) நான்கைந்து, பிளாஸ்டிக் நெம்புகோல், மழுங்கிய முனைச் சாமணம், சிறிய ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், டி5 டோர்க்ஸ், 90 சதவீதத்துக்கு மேல் செறிவுள்ள ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், நூல் உதிராத துணி. பொருட்கள்: புது பேட்டரி, அந்த மாடலுக்கென்றே வெட்டிய பின்மூடிப் பசை. இந்தப் பசையை வாங்க மறப்பவர்கள்தான் அதிகம். பழைய பசையையே அழுத்தி மூடிவிட்டு, மறு மாதம் கேமராவுக்குள் ஈரம் தெரிகிறதே என்று திகைப்பார்கள்.

பின்மூடி: முதல் இடியும் பெரிய இடியும்

விளிம்பை ஏறத்தாழ 80 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால்தான் பசை இளகும். சூட்டுத் தகட்டில் வைத்தாலும் சரி, சூடான பையை ஒற்றினாலும் சரி, இரண்டு மூன்று நிமிடம் ஆகும். ஆனால் பேட்டரி 60 டிகிரியைத் தாண்டக் கூடாது. இடைவெளி வெறும் 20 டிகிரி. அதனால் விளிம்பை மட்டும் சூடாக்கி நடுப்பகுதியை விட்டுவிட வேண்டும். ஹீட் கன்னை ஒரே இடத்தில் பிடித்தபடி நிற்பது பேட்டரிக்கு வினை.

கீழ் விளிம்பு அருகே உறிஞ்சு கப்பை ஒட்டி இழுத்தால் முடி அளவு இடைவெளி விழும். அதற்குள் பிக்கை நுழைத்துச் சுற்றிக்கொண்டே வர வேண்டும். ஆழம் 3 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். பக்கவாட்டு பட்டன்களின் ஃப்ளெக்ஸ் கேபிள் விளிம்பை ஒட்டியே ஓடுகிறது. கண்ணாடி உடைவது பெரும்பாலும் கேமரா மூலையில்தான். அங்கே பசைப் பட்டை அகலம், கண்ணாடியில் துளைகள், சூடும் சீராகச் சேராது. மற்ற மூன்று பக்கமும் விட்டுவிட்ட தைரியத்தில் இங்கே நெம்பினால் துளையிலிருந்து விரிசல் ஓடும்.

வேலை இன்னும் பாதிகூட ஆகவில்லை, அதற்குள் சூடு பற்றிய கேள்வியில் இந்த அமைப்பு தோற்றுவிட்டது. பலரும் பேட்டரிக்கு அடியில் உள்ள பசையைத்தான் குற்றவாளியாகப் பேசுகிறார்கள். அதற்கு மாற்று ஏற்கெனவே இருக்கிறது, கீழே பார்ப்போம். உண்மையான முடிச்சு இந்த மூடியில். ஒரு மில்லிமீட்டர் அகலப் பசைக்கோடு ஒரே நேரத்தில் மூன்று வேலை பார்க்கிறது: தண்ணீரைத் தடுக்கிறது, கண்ணாடியைப் பிடித்திருக்கிறது, கண்ணாடியையும் சட்டத்தையும் (ஃப்ரேம்) ஒரே உடலாக்கி ஃபோன் வளையாமல் காக்கிறது. அதை எடுத்துவிட்டால் மூன்றுக்கும் தனித்தனியாக வழி சொல்ல வேண்டும்.

தண்ணீருக்கு ரப்பர் கேஸ்கட் போடலாம், அதாவது விளிம்பில் அமுங்கி இடைவெளியை அடைக்கும் வளையம். கணக்கைப் பார்ப்போம். மூடியின் அளவு 160க்கு 75 மில்லிமீட்டர் என்றால் சுற்றளவு 470. கேஸ்கட் சரியாக அமுங்க ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்கு அரை நியூட்டன் விசை வேண்டும் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 235 நியூட்டன். 24 கிலோ எடை மூடியை உள்ளிருந்து எந்நேரமும் வெளியே தள்ளிக்கொண்டிருப்பதற்குச் சமம். 12 கொக்கிகள் பங்கிட்டால் ஆளுக்கு 20 நியூட்டன். கொக்கி உள்ள இடத்தில் மூடி இறுகும், இரு கொக்கிகளுக்கு நடுவே லேசாக மேலே வளையும். தண்ணீர் புகுவது அந்த வளைவில்தான். வளையாமலிருக்க மூடி தடிக்க வேண்டும், உள்ளே விலா எலும்புபோல் முட்டுகள் வேண்டும். அரை மில்லிமீட்டர் கண்ணாடிக்கு அந்தத் தெம்பு கிடையாது. கண்ணாடியில் கொக்கி வார்க்கவும் முடியாது.

வேடிக்கை என்னவென்றால், ஒரு மீட்டர் ஆழத் தண்ணீர் இந்த மூடிமேல் கொடுக்கும் அழுத்தம் ஏறக்குறைய 118 நியூட்டன், அதுவும் உள்நோக்கி. கேஸ்கட்டை அது இன்னும் இறுக்கத்தான் செய்யும். ஆழத்தில் அசையாமல் கிடப்பதைவிடக் குழாயடியில் பக்கவாட்டில் பீய்ச்சுவதும், கீழே விழும்போது ஒரு கணம் மூடி எம்பி அடங்குவதும்தான் கேஸ்கட்டுக்குச் சோதனை.

முடியாத காரியம் என்று சொல்ல இடமில்லை. 2014இல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்5 கையால் கழற்றும் பிளாஸ்டிக் மூடியோடும் 2800 எம்ஏஎச் பேட்டரியோடும் ஐபி67 என்ற தூசி, தண்ணீர் தடுப்புத் தரம் பெற்றிருந்தது. அதே நிறுவனத்தின் 2022 மாடலான எக்ஸ்கவர்6 புரோ 4050 எம்ஏஎச் கழற்றும் பேட்டரியோடு ஐபி68. ஆனால் அதன் தடிமன் 9.9 மில்லிமீட்டர். கழற்றுவதையே முதன்மையாகக் கொண்ட ஃபேர்ஃபோன் 5, 2023இல், நகத்தால் திறக்கும் மூடியோடு ஐபி55இல் நின்றுகொண்டது. மழைக்கும் பீய்ச்சலுக்கும் தாங்கும், முக்கிவைக்கக் கூடாது. 2025இல் வந்த அதன் ஆறாம் தலைமுறை, மூடியை இரண்டு திருகுகளுக்கு மாற்றிவிட்டது. கருவியே வேண்டாம் என்ற பெருமை போனாலும் மூடி சீராக இறுகுகிறது. இது பின்னடைவு இல்லை, சரியான பேரம் என்றே சொல்லத் தோன்றுகிறது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கழற்றும் மூடிக்கு நகம் போதும் என்ற வசதி அவசியமில்லை.

ஆகவே இடைநிலை விலை ஃபோன்களில் எதிர்பார்க்க வேண்டியது முட்டுகளோடு வார்த்த பாலிகார்பனேட் மூடி, சுற்றிலும் கொக்கிகள், அடிவிளிம்பில் ஒன்றிரண்டு திருகுகள், மூடியிலேயே ஒட்டிய கேஸ்கட். கண்ணாடியை விட மனமில்லாதவர்கள் கண்ணாடியை ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் நிரந்தரமாக ஒட்டி, அந்தச் சட்டத்தில் கொக்கி வைப்பார்கள். தடிமன் அரை மில்லிமீட்டர் கூடும். கம்பியில்லா சார்ஜிங் சுருள் மூடியோடு போகக் கூடாது. அதைச் சட்டத்தில் பேட்டரியின் ஓரமாக நிறுத்த வேண்டும், அல்லது மூடிக்கும் போர்டுக்கும் நடுவே ஸ்ப்ரிங் முனைகள் வைக்க வேண்டும். இரண்டாவது வழியில் முனைகள் அழுக்கேறினால் சார்ஜிங் விட்டுவிட்டு வரும். புகார்கள் அந்த வகையில்தான் குவியும்.

திருகுகள்: அற்பமாகத் தெரியும், போர்டைக் கொல்லும்

மூடியைத் திறந்ததும் பேட்டரி கையில் வந்துவிடாது. மேலே ஆன்டெனா மூடி, சார்ஜிங் சுருள், சில மாடல்களில் ஸ்பீக்கர் பெட்டி. பத்துப் பதினைந்து திருகுகள். எல்லாம் ஒரே தலை, நீளம் மட்டும் வேறு வேறு. 1.3 மில்லிமீட்டர் திருகு இருந்த துளையில் 1.6 மில்லிமீட்டரை முடுக்கினால், அடியில் போர்டின் உள்ளடுக்குத் தடங்களை முனை அரைத்துவிடும். ஃபோன் அன்று ஓடும், மறுவாரம் சாகும், காரணமும் கண்ணுக்குத் தெரியாது. காந்த விரிப்பில் ஃபோனின் வடிவத்தை வரைந்து, எடுத்த இடத்திலேயே ஒவ்வொரு திருகையும் வைப்பதுதான் மருந்து. எதிர்ப்பு வந்தால் முடுக்குவதை உடனே நிறுத்த வேண்டும்.

பேட்டரி கனெக்டரை முதலில் கழற்ற வேண்டும், மற்ற எந்த கேபிளைத் தொடுவதானாலும் அதன்பிறகுதான். நெம்புகோலைக் கனெக்டரின் விளிம்பில் கொடுத்துச் செங்குத்தாகத் தூக்கினால் போதும். சாய்த்து நெம்பினால் பக்கத்தில் இருக்கும் மிகச்சிறு மின்தேக்கி பெயரும்.

தயாரிப்பாளருக்கு இது மிக மலிவான திருத்தம். எல்லாத் திருகுக்கும் ஒரே நீளம், கழன்றாலும் மூடியை விட்டு விழாத திருகு, பேட்டரிக்கும் மூடிக்கும் நடுவே வேறு எந்த உதிரியும் இல்லாத அடுக்கு. பாகச் செலவு என்று பெரிதாக எதுவும் கூடாது. போர்டை வடிவமைக்கும் கட்டத்திலேயே யோசிக்க வேண்டும், அவ்வளவுதான். அதைச் செய்யாத மாடலைப் பார்த்தால் சோம்பல் என்றே கணக்கில் வைக்கலாம்.

பேட்டரிக்கு அடியில்

பேட்டரியை ஏன் ஒட்ட வேண்டும்? 65 கிராம் பேட்டரியுள்ள ஃபோன் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் தரையைத் தொடும்போது வேகம் விநாடிக்கு 4.4 மீட்டர். ஒரு மில்லி விநாடியில் நின்றுவிட்டால் பேட்டரி மட்டும் ஏறக்குறைய 290 நியூட்டன் விசையோடு முட்டும். ஏறத்தாழ 29 கிலோ எடை அந்தக் கணத்துக்கு. பிடிப்பு இல்லையென்றால் மெல்லிய உறை சட்டத்தின் ஓரத்தில் மோதிக் கசங்கும், கனெக்டர் கழன்று ஃபோன் அணையும். பிடிப்பு தேவைதான். எப்படி விடுவிப்பது என்பதில்தான் வித்தை.

மோசமான முறை, வெறும் இருபக்க ஒட்டுநாடா. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை ஓரத்தில் சில சொட்டு விட்டு, சில நிமிடம் பொறுத்து, அகலமான பிளாஸ்டிக் அட்டையை அடியில் செருகி மெல்ல முன்னேற வேண்டும். உலோகம் கூடவே கூடாது. பேட்டரி வளைந்தால் உள்ளே இரு முனைகளையும் பிரித்து வைக்கும் தாள் மடிந்து குறுக்குச்சுற்று (ஷார்ட்) விழலாம். இனிப்பான கரைப்பான் வாடை வந்தால் உறை கிழிந்துவிட்டது என்று பொருள். கையை எடுத்து, மணல் தட்டுக்கு மாற்றி, திறந்த வெளிக்குக் கொண்டுபோக வேண்டும். கரைப்பான் தேவைப்படுவதால் விதி இதை நேராகத் தள்ளிவிடும்.

அடுத்தது இழுவைப் பட்டை. இழுத்தால் பல மடங்கு நீண்டு, மெலிந்து, பிடிப்பை விடும் பட்டை. இதில் தோல்வி எல்லாமே கோணத்தில் இருக்கிறது. நுனியைச் சாமணத்தில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, பேட்டரியின் பரப்புக்கு இணையாக, கிட்டத்தட்டப் படுக்கையாக, இழுக்க வேண்டும். மேல்நோக்கி இழுத்தால் பட்டை பேட்டரியின் விளிம்பில் உராய்ந்து அறுந்துவிடும். வேகம் மிக மெதுவாக. பட்டை வெளியே நீண்டுகொண்டே வரும், ஒரு கட்டத்தில் அதன் நிறம் வெளிறும், அப்போது அவசரப்பட்டு வெடுக்கென்று இழுக்கத்தான் கை துடிக்கும். துடிக்கவிடக் கூடாது. பட்டை பக்கத்துப் பாகங்களில் ஒட்டிக்கொள்ளாமல் இன்னொரு கையால் உயர்த்திப் பிடித்து, கடைசி நுனி விடுபடும்போது பேட்டரி துள்ளாமல் விரலால் அமர்த்தி வைத்திருக்க வேண்டும்.

மூன்று நான்கு ஆண்டு சூட்டில் கிடந்த பட்டை காய்ந்து பாதியில் அறுவது சகஜம். அறுந்த துண்டு கைக்கு எட்டாவிட்டால், மெல்லிய நைலான் நூலை அடியில் விட்டு அறுப்பதுபோல் முன்னும் பின்னும் இழுக்க வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் மறுபடி ஆல்கஹால்தான். புது ஃபோனில் சோதித்து ‘கரைப்பான் தேவையில்லை’ என்று எழுதிக்கொடுப்பது எளிது. ஆனால் பேட்டரியை மாற்றப்போவது பழைய ஃபோனில். ஆகவே நீளமான இரண்டு பட்டைக்குப் பதில் குட்டையான நான்கு, ஒவ்வொன்றுக்கும் இரு முனையிலும் பிடிநுனி என்று போக வேண்டும். ஒரு பக்கம் அறுந்தால் மறுபக்கம் இருக்கும்.

இன்னொரு வழி, பேட்டரியைச் சுற்றி மெல்லிய படலம் போர்த்தி, பசையைப் படலத்தில் வைத்து, மேலே ஒரு கைப்பிடி விடுவது. ஓர மடிப்புகளைப் பிரித்துவிட்டுக் கைப்பிடியை மேலே இழுத்தால் படலம் ஓரத்திலிருந்து உரிந்துகொண்டே வரும். பசைக்கு ஒரு குணம் உண்டு: பக்கவாட்டில் நகர்த்தினால் விடாப்பிடியாக நிற்கும், ஓரத்திலிருந்து உரித்தால் விட்டுக்கொடுக்கும். விழும்போது வரும் விசையில் பெரும்பங்கு பக்கவாட்டில். கழற்றும்போது நாம் கொடுப்பது உரித்தல். அந்த வித்தியாசத்தின் மேல்தான் இந்த அமைப்பே நிற்கிறது. சாதாரணப் பயனருக்கு இதைவிடத் தோதான ஒட்டுமுறை இப்போதைக்கு இல்லை.

மின்சாரத்தால் விடும் பசை 2024இல் ஐஃபோன் 16 வழியாகப் பரவலாகத் தெரியவந்தது. பேட்டரி ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு உலோக நுனியில் ஒரு கம்பி, சட்டத்தில் ஒரு கம்பி, நடுவே சாதாரண 9 வோல்ட் பேட்டரி. ஏறக்குறைய 90 விநாடியில் பிடிப்பு விட்டு, பேட்டரி அப்படியே மேலே வந்துவிடும். சூடு இல்லை, கரைப்பான் இல்லை, நெம்புதல் இல்லை. நேரம் கடந்தும் விடவில்லையென்றால் பசையைச் சந்தேகிக்கும் முன் இணைப்பைப் பார்க்க வேண்டும். அனோடைஸ் செய்த (மேற்பரப்பில் ஆக்சைடு படலம் ஏற்றிய) அலுமினியத்தின் மேற்பூச்சு மின்சாரம் கடத்தாது. கிளிப்பை வண்ணப்பூச்சுமேல் வைத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் உண்டு. திருகுத் தலையிலோ பூச்சில்லாத உலோகத்திலோ வைக்க வேண்டும். எந்த முனைக்கு எந்தக் கம்பி என்பதை மாடலுக்கான கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். திரும்ப ஒட்டப் புதுப் பசைத்தாள் தேவை, பழையது மறுபடி பிடிக்காது. இந்தப் பசை பின்மூடியின் விளிம்புக்கும் வருமானால் முதல் முடிச்சே அவிழும். ஆனால் கண்ணாடி மின்சாரம் கடத்தாது, உட்புறம் உலோகப் பூச்சு ஏற்ற வேண்டியிருக்கும். அது ஆன்டெனாவின் வழியை மறைக்கும். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று கோணுகிறது.

கூடு போட்ட பேட்டரி: எவ்வளவு இழப்பு

பழைய ஃபோன்களில் இருந்ததுபோல் கடினக் கூட்டில் அடைத்த பேட்டரிக்கே திரும்பினால் என்ன? 90க்கு 60க்கு 5 மில்லிமீட்டர் இடம் என்று வைத்துக்கொள்வோம். கன அளவு 27 கன சென்டிமீட்டர். லிட்டருக்கு 700 வாட்-மணி அடர்த்தியில் 18.9 வாட்-மணி, அதாவது 3.85 வோல்ட்டில் சுமார் 4900 எம்ஏஎச். எல்லாப் பக்கமும் 0.4 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் சுவர் போட்டால் உள்ளே மிஞ்சுவது 22.2 கன சென்டிமீட்டர், சுமார் 4030 எம்ஏஎச். கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு காலி. அதே இடத்தில் 0.15 மில்லிமீட்டர் உலோகக் கூடு போட்டால் இழப்பு 7 சதவீதத்துக்குள் நிற்கும், 4570 எம்ஏஎச் கிடைக்கும். பேட்டரி மெல்லியது என்பதால் மேலும் கீழும் போகும் சுவர்தான் பெரும்பகுதியைத் தின்கிறது.

உலோகக் கூடு பக்கம் தொழில் சாய இது போதுமான காரணம். கிராஃபைட்டோடு சிலிக்கான்-கார்பன் கலந்த எதிர்முனை இழப்பை ஈடுகட்டும். கிராஃபைட் கிராமுக்கு 372 எம்ஏஎச் என்றால் சிலிக்கானின் கோட்பாட்டு அளவு 3500க்கு மேல். ஆனால் சிலிக்கான் சார்ஜ் ஏறும்போது பருமனில் நான்கு மடங்கு வரை உப்பும். கலவையில் அது அடங்கும் என்றாலும் வீக்கத்துக்குக் கூட்டில் இடம் விட வேண்டும். கொடுத்ததில் கொஞ்சத்தை அதுவே திரும்ப வாங்கிக்கொள்ளும்.

கூட்டைவிடத் தொல்லை தொடுமுனைகள். ஒட்டிய பேட்டரியில் கனெக்டர் அழுத்திப் பூட்டிக்கொள்ளும், மின்தடை சில மில்லி ஓம்தான். கழற்றும் பேட்டரியில் ஸ்ப்ரிங் முனை தங்கப் பூச்சின்மேல் உட்காருகிறது. அழுக்கும் தேய்மானமும் சேர்ந்து தடை 20 மில்லி ஓம் ஆகிவிட்டால் 5 ஆம்பியரில் அரை வாட் அந்தப் புள்ளியில் சூடாகும். 10 ஆம்பியரில் 2 வாட். மின்னோட்டம் இரட்டித்தால் சூடு நாலு மடங்கு. கழற்றும் பேட்டரி உள்ள ஃபோன்களில் அதிவேக சார்ஜிங் அடக்கி வைக்கப்படுவதற்கு இது ஒரு வலுவான காரணம். நேர்முனைக்கும் எதிர்முனைக்கும் இரண்டிரண்டு முனைகள் ஒதுக்கி, வெப்ப உணரிக்கும் அடையாளச் சிப்புக்கும் தனி முனை வைத்தால் நிலைமை தேறும். முனைகளை ஆல்கஹால் தொட்ட துணியால் ஒற்றித் துடைக்கலாம். உப்புத்தாள் போட்டால் தங்கப் பூச்சு போய், பிறகு வாரம் ஒருமுறை துடைக்க வேண்டிவரும்.

இன்னொரு வாசல்

திறன்பேசிகளுக்கும் டேப்லெட்களுக்குமான சூழல்வடிவமைப்பு ஒழுங்குமுறை 2023/1670, 2025 ஜூன் 20 முதல் அமலில் இருக்கிறது. அது இரு வழி தருகிறது. ஒன்று, பயனரே பேட்டரி மாற்றும் அமைப்பு. மற்றது, 500 முழு சுழற்சிக்குப் (முழுக்க ஏற்றி இறக்குவது ஒரு சுழற்சி) பின் குறைந்தது 83 சதவீதமும் 1000 சுழற்சிக்குப் பின் குறைந்தது 80 சதவீதமும் கொள்ளளவு மிஞ்சும் பேட்டரி, கூடவே தூசி புகாமை, ஒரு மீட்டர் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் தன்மை. இரண்டாம் வழியில் போனால் மாற்றும் வேலையைத் தொழில்முறைப் பழுதுபார்ப்பாளரிடம் விடலாம். உயர்விலைத் தயாரிப்பாளர்கள் கண்ணாடி முதுகை இந்த வாசல் வழியாகத்தான் காப்பாற்றப் பார்ப்பார்கள்.

1000 சுழற்சிக்கு 80 என்பதை அடைய வேதியியலை மட்டும் நம்ப வேண்டியதில்லை. உச்ச சார்ஜ் மின்னழுத்தத்தைச் சற்றுக் குறைத்தாலே ஆயுள் நீளும். உண்மையில் 5200 எம்ஏஎச் உள்ள செல்லை 5000 என்று அறிவித்துவிட்டால் முதல் 200 எம்ஏஎச் தேய்வு கணக்கிலேயே வராது. வயது ஏற ஏற மென்பொருள் மின்னழுத்தத்தைப் படிப்படியாக இறக்குவதும் நடக்கிறது. கூகுளின் பிக்சல் 9ஏ ஃபோன் அதை 200 சுழற்சியில் தொடங்கி 1000 வரை செய்கிறது. நாளுக்கு ஒரு முழு சுழற்சி என்றால் 1000 என்பது இரண்டே முக்கால் ஆண்டு. ஐந்து ஆண்டு மென்பொருள் புதுப்பிப்பைக் கேட்கும் அதே விதியில் இந்த எண் கொஞ்சம் தாராளமாகவே இருக்கிறது.

மூடுவதும் அதன் பிறகும்

தனியாக அனுப்பப்படும் லித்தியம்-அயான் பேட்டரி விமானச் சரக்கில் 30 சதவீத சார்ஜுக்கு மேல் போக முடியாது. அதனால் புது பேட்டரி அரைகுறை சார்ஜில் வருவது பழுதல்ல. மூடியை ஒட்டும் முன்பே கனெக்டரை இணைத்து ஃபோனை இயக்கி, சார்ஜ் ஏறுகிறதா, கேமரா, ஸ்பீக்கர், கம்பியில்லா சார்ஜிங் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். முதல் சில சுழற்சிகளில் சதவீதம் குதிக்கும். அளவிடும் சிப் புது செல்லைக் கற்றுக்கொள்ளும்வரை அப்படித்தான். முழுக்க ஏற்றி, 10 சதவீதம் அளவுக்கு இறக்கி, இரண்டு மூன்று முறை செய்தால் நிதானப்படும்.

அடையாளச் சிப் இருப்பதை விதி தடுக்கவில்லை. பொருத்தமான பேட்டரி மாற்றப்பட்டதைக் காரணமாக்கி மென்பொருள் குறுக்கே நிற்பதைத்தான் தடுக்கிறது. ‘அசல் பேட்டரியா என்று உறுதிசெய்ய முடியவில்லை’ என்று ஒரு வரி காட்டலாம். அதையே சாக்காக வைத்து வேகத்தைக் குறைப்பதும் பேட்டரி நலத்தின் எண்ணை மறைப்பதும் வழக்குக்கு இழுக்கும் ரகம்.

மூடும்போது சட்டத்தின் பள்ளத்தை ஆல்கஹாலால் துடைத்து, ஒளியைச் சாய்த்துப் பிடித்துப் பார்க்க வேண்டும். ஒரு தலைமுடி கிடந்தாலே போதும், ஈரம் உள்ளே வர அதுவே வாய்க்கால். பசையானால் மூடியை அழுத்தி, மேலே சீரான எடை ஏற்றி, சில மணி நேரமாவது விட வேண்டும். காற்றழுத்த உணரி உள்ள ஃபோனில் அடைப்பைச் சோதிக்க நல்ல வழி உண்டு. அழுத்தத்தைக் காட்டும் செயலியைத் திறந்து, திரையின் நடுவே கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளழுத்தம் சட்டென்று ஏற வேண்டும். காற்றுச் சமன் செய்யும் நுண்சவ்வு வழியாக அது மெதுவாக இறங்கும். ஏறவே இல்லை, அல்லது ஏறிய நொடியில் விழுந்துவிட்டது என்றால் எங்கோ திறப்பு இருக்கிறது, விளிம்பை மறுபடி பார்க்க வேண்டும். பயனரே மூடியைக் கழற்றும் ஃபோனில் இந்தச் சோதனையை இயங்குதளத்துக்குள்ளேயே வைத்துவிடலாம். உணரி ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, எழுத வேண்டியது நிரல் மட்டும்.

கழற்றிய பேட்டரியின் கனெக்டரில் மின்காப்பு நாடா ஒட்ட வேண்டும். உப்பியிருந்தால் குத்திக் காற்றை வெளியேற்றும் எண்ணமே வரக் கூடாது. மணல் தட்டில் வைத்து, வீட்டுக் குப்பையில் சேராமல் பேட்டரி சேகரிப்பில் கொடுக்க வேண்டும். இதே ஒழுங்குமுறை, கையடக்க பேட்டரிகளில் 63 சதவீதத்தை 2027 முடிவுக்குள்ளும் 73 சதவீதத்தை 2030 முடிவுக்குள்ளும் திரும்பச் சேகரிக்க வேண்டும் என்கிறது. தயாரிப்பாளர் புது பேட்டரியைக் கூட்டோடும் நாடாவோடும் அனுப்பினால், பழையதை அதே பெட்டியில் போட்டுத் திருப்பிவிடலாம்.